காட்டைக் கண்டவர் சாட்சியாவது எப்படி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்பில் கால்வாசிக்கும் சற்று மேலான பகுதி, ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், மத்திய அரசின் பொறுப்பிலுள்ள பொது நிலமாகும். அதன் பெரும்பகுதியைத் தேசியப் பூங்காத் துறை, வனத்துறை, நில மேலாண்மைப் பணியகம், மீன் மற்றும் வனவிலங்குத் துறை ஆகிய நான்கும் நிர்வகிக்கின்றன. மலையேறவும், பாறையில் தொற்றி ஏறவும், ஆற்றில் படகு செலுத்தவும், பல நாள் நடந்து கூடாரமடித்துத் தங்கவும் இந்நிலங்களுக்குள் செல்பவர்கள் ஒரு பற்றோடு திரும்புகிறார்கள். அந்தப் பற்றே நிலத்தைக் காத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். பற்று கொண்டவர் வீட்டுக்கு வந்து படங்களை அடுக்கிவைத்துவிட்டு அடுத்த பயணத்துக்கு ஆயத்தமானால் நிலத்துக்கு எந்த நன்மையும் விளைவதில்லை. அவர் பகிர்ந்த படத்தைப் பார்த்துக் கூட்டம் கூடினால் தீங்குகூட விளையலாம். தான் கண்டதை நாளும் இடமும் அளவும் குறிப்பிட்டு, முடிவெடுப்பவர்களின் முன் உரிய காலத்தில் வைக்கக்கூடிய சாட்சியே நிலத்துக்குத் தேவைப்படுகிறார். ஒரு சாகசப் பயணியை அத்தகைய சாட்சியாக ஆக்குவது எப்படி என்பதே இவ்வழிகாட்டியின் பொருள்.

இவ்விடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1903 மே மாதத்தில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், இயற்கையியலாளர் ஜான் மியூருடன் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் மூன்று இரவுகள் திறந்த வெளியில் தங்கினார். ஒரு காலையில் போர்வைமேல் பனி விழுந்திருக்க எழுந்தார். 1906-இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் மரிபோசா மரத்தோப்பும் மாநிலத்திடமிருந்து மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. அந்த மூன்று இரவுகள்தாம் ரூஸ்வெல்டை மாற்றின என்று எழுதுவது எளிது. ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே, அதாவது மியூரைச் சந்திப்பதற்கு முன்பே, ஃபுளோரிடாவின் பெலிகன் தீவைப் பறவைகளுக்கான காப்பிடமாக அவர் அறிவித்துவிட்டார். ஏற்கெனவே அக்கறையும் கையெழுத்திடும் அதிகாரமும் கொண்டிருந்த ஒருவருக்கு, எந்த இடத்துக்காகக் கையெழுத்திட வேண்டும் என்பதை அந்தப் பயணம் காட்டியது என்று கொள்வதே பொருத்தம். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆகவே நமக்கு இன்னும் பொருந்துகிற பாடம் எக்கோ பார்க்கில் கிடைக்கிறது.

கொலராடோ, யூட்டா மாநிலங்களின் எல்லையில், கிரீன் ஆறும் யாம்பா ஆறும் கூடுமிடத்தின் பெயர் எக்கோ பார்க். அது டைனோசர் தேசிய நினைவுப்பகுதி என்னும் காக்கப்பட்ட நிலத்துக்குள் இருந்தும், 1950-களின் தொடக்கத்தில் அங்கே அணை கட்டத் திட்டமிடப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்குகளை அப்போது நேரில் கண்டவர்கள் மிகச் சிலர். சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1953 முதல் தன் உறுப்பினர்களைக் கூட்டங்கூட்டமாகப் படகுகளில் அந்த ஆறுகளின் வழியே அனுப்பியது. போய்வந்தவர்கள் கடிதம் எழுதினார்கள், படம் காட்டினார்கள், தம் தொகுதி உறுப்பினர்களிடம் பேசினார்கள். ஆனால் போராட்டத்தின் திருப்புமுனைகளுள் ஒன்று அழகைப் பற்றியதன்று. 1954-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்த சியரா கிளப்பின் செயல் இயக்குநர் டேவிட் பிரௌவர், நீர் ஆவியாகும் அளவு குறித்து அணைத்துறை தந்திருந்த கணக்கிலேயே பிழை இருப்பதைப் பள்ளிக்கூடக் கணிதத்தைக் கொண்டே எடுத்துக்காட்டினார். பின்னர் துறையும் பிழையை ஒப்புக்கொண்டது. 1956-இல் நிறைவேறிய சட்டத்தில் எக்கோ பார்க் அணை இடம்பெறவில்லை. அதே சட்டம் கிளென் கேன்யன் அணைக்கு அனுமதி தந்தது. எக்கோ பார்க்குக்குப் பதிலாகக் கிளென் கேன்யனில் அணையை உயர்த்திக் கட்டலாம் என்று வாதிட்டவர்களுள் பிரௌவரும் ஒருவர். அப்போது அவர் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டதில்லை. 1963-இல் அணையின் பின்னே நீர் தேங்கத் தொடங்கியபோது, அதை அதற்குள் கண்டுவிட்டிருந்த அவருக்கு அது வாழ்நாள் வருத்தமாயிற்று. காணாத இடத்துக்காகப் பேச ஆளில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

புறப்படுமுன்

முதலில் செய்ய வேண்டியது, போகவிருக்கும் நிலம் எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது என்பதைத் தெரிந்துகொள்வதாகும். ஒரே மலைத்தொடரில் காலையில் தேசியப் பூங்காவிலும், மதியம் தேசிய வனத்திலும், மாலையில் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலத்திலும் நடக்க நேரிடலாம். பூங்காவில் மரம் வெட்டுவதும் சுரங்கம் தோண்டுவதும் பொதுவாக இல்லை. தேசிய வனத்தில் மரம் வெட்டுவதும் மேய்ச்சலும் சட்டப்படி நடப்பவை. வனத்திலோ பணியகத்தின் நிலத்திலோ ஒரு பகுதி, 1964 செப்டம்பர் 3-இல் கையெழுத்தான வனாந்தரச் சட்டத்தின்கீழ் வந்திருந்தால், அங்கே சாலை போட முடியாது, மோட்டார் கருவிகளையும் மிதிவண்டியையும் பயன்படுத்த முடியாது. தொடக்கத்தில் 91 இலட்சம் ஏக்கரைக் காத்த அச்சட்டம் இன்று 11 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் காக்கிறது. அதை வரைந்த ஹோவர்ட் ஜானிசர் அறுபதுக்கும் மேற்பட்ட வரைவுகளை எழுதிவிட்டு, கையெழுத்தாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். எல்லைக்கோடுகள் குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. எந்த நிலத்தில் எந்த ஆபத்து வரக்கூடும், யாருக்கு எழுத வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதுவே விடை தரும்.

இரண்டாவது அறிவுரை பலருக்குப் பிடிக்காது. ஆண்டுக்கொரு புதிய இடத்தைத் தேடிப் போகும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஐம்பது பூங்காக்களை ஒருமுறை பார்த்தவரைவிட ஓர் ஓடையை ஐந்து கோடைகளில் பார்த்தவரின் சொல்லுக்கே சாட்சியத்தில் எடை கூடுதல். மாற்றம் என்பது ஒப்பிடுபவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாவது, அந்த நிலத்தின் பழைய உரிமையாளர்களைப் பற்றி அறிவது. மனிதர் கால்படாத காடு என்ற எண்ணம் பெரும்பாலும் பிழையானது. யோசெமிட்டியில் வாழ்ந்த அவாநீச்சி மக்களை 1851-இல் ஓர் ஆயுதப் படை விரட்டியது. அதற்குப் பிறகே அது வெறுமையான அழகாகப் பிறர் கண்ணுக்குத் தோன்றத் தொடங்கியது. யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் நிலத்தைக் காக்கும் கோரிக்கையை ஹோப்பி, நவாஹோ, சூனி உள்ளிட்ட ஐந்து பழங்குடி அரசுகள் முன்னின்று வைத்தன. 2016-இல் சுமார் 13.5 இலட்சம் ஏக்கர் தேசிய நினைவுப்பகுதியாயிற்று, 2017-இல் அதில் பெரும்பகுதி நீக்கப்பட்டது, 2021-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஓர் அதிபர் இட்ட கையெழுத்தை அடுத்த அதிபர் அழிக்கலாம் என்பதால், அறிவிப்பு வந்தவுடன் வேலை முடிந்துவிட்டதென்று எண்ணக் கூடாது.

நிலத்தில் இருக்கும்போது

தடம் விடாமல் நடப்பது குறித்த விதிகளைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். காரணம் தெரிந்தவர்கள் குறைவு. நீர்நிலையிலிருந்து 200 அடி, ஏறத்தாழ எழுபது தப்படி தள்ளிக் கூடாரமடிக்கச் சொல்வது, கரையோரத் தாவரங்களைக் காப்பதற்கும் விலங்குகள் அச்சமின்றி நீரருந்த வருவதற்கும் ஆகும். மலம் கழிக்க 6 முதல் 8 அங்குலம் ஆழத்தில் குழி தோண்டச் சொல்வது, கழிவைச் சிதைக்கும் உயிர்கள் மிகுந்த மண் அந்த ஆழத்தில் இருப்பதால். குறுகிய பாலைவனப் பள்ளத்தாக்குகளில் அத்தகைய மண் இல்லை. அங்கே கழிவைப் பையிலிட்டுச் சுமந்து வருவதைத் தவிர வேறு முறையான வழியில்லை.

பாதை விஷயத்தில் இரண்டு எதிரெதிர் விதிகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் வரும் சேதம் அதிகம். பலர் நடந்து பழகிய இடத்தில் எல்லோரும் ஒரே தடத்தில், சேறாக இருந்தாலும் அதன் நடுவிலேயே நடக்க வேண்டும். சேற்றைத் தவிர்த்து ஓரமாக ஒதுங்கும் ஒவ்வொருவரும் பாதையை ஓரடி அகலமாக்குகிறார்கள். புல் செத்த அந்த ஓரத்தில் அடுத்த மழையின் நீர் ஓடி வாய்க்கால் பறிக்கிறது. யாரும் நடக்காத இடத்திலோ ஒருவர்பின் ஒருவராகச் செல்லாமல் பரவி நடக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே வரிசையில் போனால் அன்றே புதிய பாதை பிறந்துவிடும், அதைப் பார்த்து அடுத்தவர் நடப்பார். யூட்டா போன்ற வறண்ட நிலங்களில் கரிய முடிச்சுகளாகத் தெரியும் மண்மேல் எந்த நிலையிலும் கால் வைக்கலாகாது. நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கன்களும் சேர்ந்து நெய்த உயிருள்ள மேலோடு அது. மணலைக் காற்று அள்ளிச் செல்லாமல் பிடித்துவைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருவதும் அதுவே. ஒரு மிதியில் நொறுங்கியதைத் திரும்ப வளர்க்கப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும்.

தம் விளையாட்டே நிலத்தைப் புண்ணாக்குவதைக் கண்டுகொண்ட சாகசக்காரர்களும் இருக்கிறார்கள். யோசெமிட்டியின் பாறை வெடிப்புகளில் எஃகு ஆப்புகளை அடித்து அடித்துப் பிடுங்கியதால் வெடிப்புகள் சிதைவதை ஈவான் சுய்னார்டும் அவருடைய கூட்டாளிகளும் பார்த்தனர். தங்கள் நிறுவனத்தின் முக்கிய விற்பனைப் பொருளாக இருந்த அந்த ஆப்புகளைக் கைவிட்டு, சுத்தியலின்றிக் கையால் செருகி எடுக்கக்கூடிய அலுமினியக் கட்டைகளுக்கு மாறுமாறு 1972-இல் தங்கள் விலைப்பட்டியலிலேயே ஏறுபவர்களைக் கேட்டுக்கொண்டனர். தன் வருவாயில் கைவைத்துக்கொண்டு பேசியவரின் சொல்லை மற்றவர்கள் நம்பினார்கள்.

இனிக் குறிப்பேடு. சாட்சியின் முதன்மைக் கருவி அதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளின் முடிவிலும் தேதி, இடத்தின் பெயர் அல்லது ஜிபிஎஸ் எண்கள், வானிலை, கண்டது, கேட்டது ஆகியவற்றை எழுத வேண்டும். மனம் உருகியதை எழுதலாம், தடையில்லை. ஆனால் அதே பக்கத்தில் ஓடையில் நீர் முழங்கால் அளவா கணுக்கால் அளவா என்பதும், கரையில் எத்தனை இடங்களில் தீ மூட்டிய வளையங்கள் கிடந்தன என்பதும், வண்டித் தடம் எந்தக் கல் வரைக்கும் வந்திருந்தது என்பதும் இருக்க வேண்டும். எண்ணக்கூடியதை எண்ணுங்கள், "நிறைய" என்ற சொல் எந்த விசாரணையிலும் நிற்காது. எதையும் காணவில்லை என்பதும் ஒரு பதிவே. சென்ற ஆண்டு இருந்த தவளைச் சத்தம் இந்த ஆண்டு கேட்கவில்லையென்றால் அதையும் எழுத வேண்டும்.

இவ்வகையில் அலாஸ்காவின் எடுத்துக்காட்டு சிறந்தது. 1956 கோடையில் ஓலாஸ் மியூரியும் மார்கரெட் மியூரியும் இளம் உயிரியலாளர்கள் சிலருடன் புரூக்ஸ் மலைத்தொடரின் ஷீன்ஜெக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூடாரமடித்துத் தங்கினார்கள். அது பயணமாகவும் இருந்தது, கணக்கெடுப்பாகவும் இருந்தது: பறவைகளையும் பாலூட்டிகளையும் தாவரங்களையும் பட்டியலிட்டார்கள், கரிபு மான் கூட்டங்களின் போக்கைக் கவனித்தார்கள். திரும்பி வந்து பேசியபோது அவர்கள் கையில் அனுபவமும் பட்டியலும் சேர்ந்தே இருந்தன. 1960 டிசம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய 89 இலட்சம் ஏக்கர் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

ஒளிப்படத்துக்கும் ஒழுங்கு வேண்டும். பெயராத பாறை ஒன்றைத் தேர்ந்து, அதன்மேல் அல்லது அதன் அருகே நின்று, திசைகாட்டியில் எந்தத் திசையை நோக்குகிறீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, தொடுவானத்தின் ஒரு முகடு சட்டகத்துக்குள் வருமாறு படமெடுங்கள். அடுத்த ஆண்டு அதே பருவத்தில், அதே உயரத்திலிருந்து, அதே திசையில் மீண்டும் எடுங்கள். தனியாகப் பார்த்தால் அழகில்லாத இந்தப் படங்கள் வரிசையாக வைக்கப்படும்போது, பனித்திட்டு சுருங்குவதையும், அயல்புல் பரவுவதையும், கரை இடிவதையும் விளக்கமின்றிச் சொல்லிவிடும். செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் சரியான இடத்தை அச்செயலி தானே மங்கலாக்கிவிடுகிறது. கழுகுக் கூடு, பழங்காலப் பாறை ஓவியம், பானை ஓடுகள் கிடக்கும் திட்டு ஆகியவற்றின் இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள், ஓடுகளை எடுத்துவரவும் செய்யாதீர்கள்; 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் நிலத்திலிருந்து தொல்பொருளை எடுப்பது குற்றம். அந்தச் செய்தியை ரேஞ்சரிடம் மட்டும் சொல்லுங்கள். யோசெமிட்டியின் பாறைகளில் ஏறுபவர்கள் பெரிகிரின் வல்லூறுகளின் கூடுகளைக் கண்டு சொல்வதும், கூடுகட்டும் பருவத்தில் மூடப்படும் பாறைகளை விட்டு விலகியிருப்பதும் இவ்வகைப் பணிதான்.

திரும்பிய பிறகு

குறிப்பேடு பெட்டிக்குள் போய்விட்டால் எல்லாம் வீண். 1970 முதல் நடப்பிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி, பொது நிலத்தில் பெரிய திட்டம் ஒன்றைச் செயற்படுத்துமுன் அதன் விளைவுகளை ஆராய வேண்டிய கடமை துறைக்கு உண்டு; அந்த ஆய்வின்போது பல நேரங்களில் பொதுமக்களின் கருத்தும் கேட்கப்படும். நீங்கள் போய்வரும் வனத்தின் அல்லது பணியகக் கிளையின் இணையதளத்தில் திட்டங்களின் பட்டியல் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துவிடுவது போதும். எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று துறை தீர்மானிக்கும் தொடக்கக் கட்டத்திலேயே எழுதுவது, வரைவு முடிந்தபின் எழுதுவதைவிடப் பயன் தரும். இன்னொன்று: பல வனத்துறைத் திட்டங்களில், முன்பே எழுத்தில் கருத்துத் தந்தவர்களுக்குத்தான் பின்னர் ஆட்சேபணை எழுப்பும் உரிமை கிடைக்கிறது. ஆகவே இறுதி நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

"இந்தப் பள்ளத்தாக்கு மிக அழகானது, தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்" என்று எழுதினால் அதிகாரி அதை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வார், வேறெதுவும் செய்ய அவரால் முடியாது. ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் உள்ளடக்கத்தில் அது ஒரு கடிதம்தான். அதற்கு மாறாக, "மூன்று ஆண்டுகளாக ஜூன் இரண்டாம் வாரத்தில் இந்த ஓடையின் வடகரையில் தங்குகிறேன், திட்ட வரைபடத்தில் சாலை ஓடையைக் கடப்பதாகக் காட்டப்பட்டுள்ள இடத்தில் ஒவ்வொரு முறையும் கரை நனைந்த சதுப்பாகவே இருந்தது, தேதியிட்ட படங்களை இணைத்துள்ளேன், உங்கள் ஆய்வறிக்கை இவ்விடத்தை வறண்ட கரை என்று சொல்வது எந்தக் களஆய்வின் அடிப்படையில்? சாலையை மேற்கே பழைய தடத்தின் வழியே கொண்டுசெல்வது ஆராயப்பட்டதா?" என்று எழுதினால், அதற்கு விடை தேட வேண்டிய நிலை துறைக்கு ஏற்படுகிறது. திட்டத்தின் பெயர், இடம், நாள், கண்ட உண்மை, ஒரு கேள்வி, ஒரு மாற்றுவழி: ஒரு பக்கத்துக்குள் இவ்வளவும் அடங்கிவிடும். கோபத்துக்கு இடமில்லை, படிப்பவர் பெரும்பாலும் அந்த நிலத்தை உங்களைப் போலவே நேசிக்கும் ஓர் ஊழியர். யூட்டாவில் பணியகத்தின் கணக்கெடுப்பு விட்டுவிட்ட சாலையற்ற நிலங்களைத் தன்னார்வலர்கள் நடந்தே அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறித்துத் தந்ததும் இந்த முறையில்தான்.

உடலுழைப்பு தர விரும்புபவர்களுக்குப் பாதைப் பராமரிப்பு நல்ல பள்ளி. பதினான்கு மாநிலங்களைக் கடக்கும் அப்பலாச்சியன் பாதையைப் பெரும்பாலும் தன்னார்வலர் மன்றங்களே பேணி வருகின்றன. வனாந்தரச் சட்டம் நடப்பிலுள்ள இடத்தில் விழுந்த மரத்தை அகற்றச் சங்கிலி ரம்பம் பொதுவாகக் கிடையாது. இருவர் இருபுறமும் பிடித்து இழுக்கும் பழைய ரம்பம்தான். ஒரு நாள் அதை இழுத்தவருக்கு, அந்தச் சட்டத்தின் பொருள் தோள்பட்டையில் தெரியும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீதான தீர்வையை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் 1937 முதல் உள்ளது. அதாவது வேட்டையாடுபவர்கள் தாம் வாங்கும் பொருளின் வழியே செலுத்துகிறார்கள். முதுகுப்பைக்கும் கூடாரத்துக்கும் அப்படியொரு வரி இல்லை. 1990-களில் எழுந்த அந்த யோசனை நிறைவேறவில்லை. நடப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடு நினைத்துப் பார்க்கலாம். நீர்ப்பறவை வேட்டையாடுபவர்கள் வாங்க வேண்டிய, 1934 முதல் வெளியாகும் வாத்து முத்திரையை வேட்டையாடாதவரும் 25 டாலர் கொடுத்து வாங்கலாம். அதில் 98 விழுக்காடு ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் செல்கிறது.

கடைசியாக, எதிர்க்கருத்து உள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். 1954-இல் வாஷிங்டனை ஒட்டிய பழைய செசபீக்–ஒகையோ கால்வாயின்மேல் நெடுஞ்சாலை அமைக்கும் திட்டத்தை வாஷிங்டன் போஸ்ட் தலையங்கத்தில் ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், தலையங்கம் எழுதியவரைத் தம்மோடு சுமார் 185 மைல் கால்வாய்க்கரை முழுவதும் நடந்துவருமாறு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அழைத்தார். ஆசிரியர்கள் வந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் எட்டு நாள்கள் நடந்த அந்தப் பயணத்தில் முழுத் தூரத்தையும் முடித்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. பத்திரிகை தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. 1971-இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. நீங்கள் அழைப்பவர் உள்ளாட்சி உறுப்பினராகவோ, செய்தியாளராகவோ, சுரங்கத்தால் வேலை கிடைக்கும் என்று நம்பும் அயலவராகவோ இருக்கலாம். அரை நாளில் முடியும் தடமாகத் தேர்ந்தெடுங்கள், வாதத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், உங்கள் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்து அன்றைய பக்கத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.